உல்லன் நூல் மிச்சமா? குஞ்சத்தில் ஆரம்பிக்கலாம்

பின்னல் வேலை செய்கிறவர்கள் வீட்டில் எப்படியும் ஒரு பை இருக்கும். எதற்கும் போதாது, தூக்கிப் போடவும் மனசு வராது என்று அரைக் கண்டு, கால் கண்டாகச் சேர்ந்த உல்லன் நூல், பார்சலில் கட்டி வந்த சணல் கயிறு, நிறம் பிடிக்காமல் ஒதுக்கிய பருத்தி நூல் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். அந்தப் பையை வைத்தே ஒரு அறையை அலங்கரித்துவிடலாம். பின்னல் தெரியாதவர்களும் தாராளமாகச் செய்யலாம், ஆனால் முடிச்சு மட்டும் ஒழுங்காகப் போட வேண்டும். செய்து மாட்டிய ஒரே வாரத்தில் உதிர்கிற அலங்காரங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் முடிச்சில்தான் கோளாறு இருக்கும்.

அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுகிற நூலும் கட்டுகிற நூலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, வேறாக இருந்தால்தான் நல்லது. உல்லன் நூலை இழுத்தால் நீளும், இன்னும் கொஞ்சம் இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். அதை வைத்து எவ்வளவு இறுக்கினாலும் கையை எடுத்ததும் தளர்ந்துதான் போகும். கட்டுவதற்கு மெல்லிய, முறுக்கேறிய பருத்தி நூல் வேண்டும். கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷா நூல் அருமையாக நிற்கும். அது இல்லையா, பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற ஃபிளாஸ் போதும், உள்ளே மறைந்துவிடுவதால் யாருக்கும் தெரியாது. முடிச்சின் முதல் பாதியைப் போடும்போது நூலை ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை சுற்றி நுழைத்து இழுங்கள். அந்தக் கூடுதல் சுற்று பிடித்துக்கொள்ளும், இரண்டாவது பாதியைப் போடுகிற வரைக்கும் யாராவது வந்து விரலை வைத்து அழுத்த வேண்டிய அவசியம் இருக்காது.

இதைக் கைக்குப் பழக்க குஞ்சம்தான் சரி. சுமார் 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு அட்டையை வெட்டி, அதன் மேல் நூலை 30, 40 சுற்று சுற்றுங்கள். மேல் விளிம்பில் எல்லாச் சுற்றுகளுக்கும் அடியில் கட்டு நூலை நுழைத்து இறுக்கி முடிச்சுப் போட்டு, அந்த வால்களை நறுக்காமல் விடுங்கள், தொங்கவிட அவைதான் உதவும். பிறகு கீழ் விளிம்பில் கத்தரித்து அட்டையிலிருந்து உருவி எடுத்து, உச்சியிலிருந்து 2 செ.மீ. இறக்கி, கழுத்து மாதிரி ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றிக் கட்டினால் குஞ்சம் தயார். அடிப்பக்கம் ஏற்ற இறக்கமாக இருக்கும், கவலைப்படாதீர்கள், ஒரு காகிதத்தை அதைச் சுற்றி இறுக்கமாக உருட்டிக்கொண்டு வெளியே நீட்டுவதை மட்டும் நறுக்கினால் நேராகிவிடும். பத்துப் பதினைந்து குஞ்சங்களைச் சணல் கயிற்றில் வரிசையாகக் கோத்தால் ஜன்னலுக்கு ஒரு தோரணம். சுற்று எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம், 15 சுற்றில் செய்த குஞ்சம் எலி வால் மாதிரி இருக்கும்.

பாம்பாம் என்கிற புசுபுசு நூல் பந்தும் இதே கதைதான், கட்டுகிற இடம் மட்டும் மாறுகிறது. நாலு விரலைச் சேர்த்து வைத்துக்கொண்டு நடுத்தரத் தடிமன் நூல் என்றால் 100 சுற்று சுற்றி, மெதுவாக விரலிலிருந்து கழற்றி நடுவில் கட்டுங்கள், இங்கே உண்மையிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் இருக்கிற வளையங்களைக் கத்தரித்தால் கலைந்த தலை மாதிரி ஒன்று கிடைக்கும். இந்தக் கட்டத்தில்தான் நிறைய பேர் சரியாக வரவில்லை என்று கைவிடுகிறார்கள். பாம்பாமின் அழகு கத்தரிப்பில் இருக்கிறது, பந்தை உருட்டி உருட்டி, நினைத்ததைவிட அதிகமாகவே வெட்ட வேண்டும், வெட்ட வெட்டத்தான் அடர்த்தியாகத் தெரியும். நிறைய வேண்டும் என்றால் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதன் இரண்டு கால்களைச் சுற்றி நூலை ஓட்டி, சம இடைவெளியில் கட்டிக்கொண்டே போய், கட்டுகளுக்கு நடுவில் வெட்டினால் ஒரே மூச்சில் ஏழெட்டு வந்துவிடும்.

அப்புறம் பலூன் கூண்டு, அதாவது பசையில் தோய்த்த நூலைப் பலூன் மேல் சுற்றி, காய்ந்ததும் பலூனைக் குத்தி எடுத்தால் மிஞ்சுகிற நூல் உருண்டை. பார்க்கப் பெரிய வேலை மாதிரி தெரியும், உண்மையில் பொறுமைதான் வேண்டும். என்னுடைய முதல் கூண்டு ஐந்து மணி நேரத்திலேயே காய்ந்துவிட்டது என்று நினைத்துப் பலூனைக் குத்தினேன், அப்படியே சப்பிப் போய் வடை மாதிரி ஆகிவிட்டது. அதோடு அக்ரிலிக் என்கிற செயற்கை நூலை வேறு எடுத்திருந்தேன், அது பசையை உறிஞ்சாது. பருத்தி நூலோ சணலோதான் பசை குடித்து விறைக்கும்.

20 செ.மீ. அகலத்துக்குப் பலூனை ஊதி, மேலே வாசலைனை மெல்லிசாகத் தடவுங்கள். மரவேலைக்குப் போடுகிற வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. இந்த அளவு பலூனுக்கு 25 முதல் 30 மீட்டர் நூல் பிடிக்கும், அதை மொத்தமாகப் பசையில் ஊறப் போட்டால் சிக்கு எடுப்பதற்குள் உயிர் போய்விடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பசைக்குள் இழுத்து, இரண்டு விரலால் வழித்துவிட்டு, உடனே பலூன் மேல் சுற்றிக்கொண்டே போங்கள். ஒரே திசையில் சுற்றாமல் குறுக்கும் நெடுக்குமாகப் போக வேண்டும், நூல்கள் ஒன்றையொன்று வெட்டுகிற இடங்கள்தான் கூண்டைத் தாங்குகின்றன. உள்ளே விளக்கு வைக்கிற எண்ணம் இருந்தால் பலூன் வாயைச் சுற்றி 5 செ.மீ. காலியாக விடுங்கள். பிறகு வாயில் கயிறு கட்டி, எதன் மீதும் படாமல் தொங்கவிட்டு 24 மணி நேரம் காய விட வேண்டும், காற்றில் ஈரம் அதிகமென்றால் இரண்டு நாள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கிற காற்று சூடாகி விரிந்து பலூன் வெடிக்கும், நல்ல குளிர் அறையிலோ சுருங்கி நூல் தொய்யும். காய்ந்ததும் பென்சிலின் மொட்டை முனையால் இடைவெளிகளில் லேசாக அழுத்தி பலூனை நூலிலிருந்து பிரித்த பிறகுதான் ஊசி, அதுவும் முடிச்சுக்குப் பக்கத்தில், காற்று மெதுவாக இறங்குகிற மாதிரி. உள்ளே பேட்டரியில் எரிகிற சின்ன எல்இடி சரம் மட்டும் போடுங்கள். சூடாகிற குண்டு பல்போ மெழுகுவர்த்தியோ வேண்டவே வேண்டாம், நூலும் பசையும் தீப்பிடிக்கிற சாமான்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று, அதற்கு ஒரு அட்டையும் ஊசியும் போதும். கருப்பு அட்டையில் எல் (L) வடிவத்தில் இரண்டு கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் 1 செ.மீ. இடைவெளியில் பத்து ஓட்டை குத்துங்கள். நிற்கும் கோட்டில் மேலிருந்து கீழாக 1 முதல் 10, படுத்த கோட்டில் மூலையிலிருந்து வெளியே 1 முதல் 10. இப்போது ஒன்றை ஒன்றோடு, இரண்டை இரண்டோடு எம்பிராய்டரி நூலால் சேருங்கள். எல்லாம் நேர்கோடுதான், ஆனால் பாதி வரும்போதே ஒரு அழகான வளைவு தானாகத் தெரிய ஆரம்பிக்கும். கணக்கில் அதன் பெயர் பரவளையம். 19ஆம் நூற்றாண்டில் மேரி எவரெஸ்ட் பூல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி குழந்தைகளுக்கு வடிவியலைக் கையால் உணர வைக்க இந்த மாதிரி அட்டைத் தையலைக் கண்டுபிடித்தார். உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துப் போடுகிற பூலியன் கணக்குக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் பூலின் மனைவி அவர், எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் எவரெஸ்ட் அவருக்குப் பெரியப்பா. தைக்கும்போது ஒரு சிக்கனம்: படுத்த கோட்டில் 1இல் இறங்கியதும் பின்பக்கமாகப் பக்கத்து 2க்குப் போய் மேலே வாருங்கள், அங்கிருந்து நிற்கும் கோட்டின் 2, அப்படியே அதன் 3 என்று போனால் பின்பக்கத்தில் நூல் வீணாகாது. நாலு எல் வடிவங்களை மூலையோடு மூலை சேர்த்தால் நட்சத்திரம் வரும், சட்டம் போட்டு மாட்டலாம்.

பாட்டிலுக்குச் சணல் சுற்றுவது, காய்ந்த கிளையில் நூல்களைத் தொங்கவிடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், பாட்டிலுக்கு மட்டும் பசையைவிட இருபக்க டேப் சுத்தமான வேலை.

வீட்டில் பூனை இருந்தால் வேலை முடிந்ததும் துண்டு நூல்களைப் பொறுக்கிவிடுங்கள், விழுங்கினால் குடலில் மாட்டி உயிருக்கே ஆபத்தாகும். கைக்குழந்தை படுக்கிற இடத்துக்கு மேலே எதையும் தொங்கவிட வேண்டாம். கூடு கட்டப் பறவைகளுக்கு உதவட்டும் என்று மிச்ச நூலை வெளியே போடுகிறவர்களும் உண்டு, குஞ்சுகளின் காலில் சுற்றி இறுக்கிவிடும் என்பதால் அதுவும் கூடாது. கத்தரித்த துகளை ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள், சின்ன ஊசி மெத்தை தைக்கும்போது உள்ளே அடைக்கலாம்.