கோச்சிங் வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் எழுதும் முறை

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரங்களில் தொழில் நடத்துபவர்களுக்கும், அப்பாவின் தொழிலை ஏற்று நடத்த வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியே வழிகாட்டும் கோச்களுக்காக இதை எழுதுகிறேன். ஓர் அமர்வில் எவ்வளவு தெளிவு பிறந்தாலும், அடுத்த அமர்வுக்குள் அவர் செய்வதாக ஒப்புக்கொண்ட வேலை நடந்தால்தான் அந்தத் தெளிவு பயன் தரும். இடைப்பட்ட வாரங்களில் அவருக்கு ஆர்டர், ஆள் பற்றாக்குறை, வங்கித் தவணை என்று ஆயிரம் வேலைகள் இருக்கும். உங்கள் பக்கத்திலிருந்து அவரை எட்டுவது பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் மட்டுமே. ஆகவே நினைவூட்டலை உதவியாளர் அனுப்பும் அலுவலகக் கடிதமாகக் கருதாமல், கோச்சிங்கின் ஒரு பகுதியாகவே கருதி எழுத வேண்டும். படித்து முடித்தவுடன் அடுத்த அடி என்ன என்பது அவருக்குத் தெரிய வேண்டும்; அவர் செய்யாமல் விட்டதைச் சுட்டிக்காட்டுவது நினைவூட்டலின் வேலை அன்று.

ஒரு மடலில் ஒரு விஷயம் மட்டும் இருக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். அமர்வு நேரத்தையும், முடிக்க வேண்டிய வேலையையும், நிலுவைக் கட்டணத்தையும் ஒரே மடலில் எழுதினால், வாசிப்பவரின் மனத்தில் கட்டணம் மட்டுமே நிற்கும். முன்னால் எழுதிய அன்பான வரிகள் எல்லாம் பணம் கேட்பதற்கான முன்னுரையாகத் தோன்றிவிடும்.

பொருள் வரியில் நாளையும் நேரத்தையும் முதலில் எழுதுங்கள். பனியன் கம்பெனியின் செக்கிங் மேசை அருகில் நின்றுகொண்டு கைபேசியில் பார்ப்பவருக்குப் பொருள் வரியின் முதல் சில சொற்கள்தான் தெரியும். "அன்பான நினைவூட்டல்" என்று தொடங்கினால் அந்த இடம் வீணாகிவிடுகிறது. "வியாழன் காலை 11 மணி, நம் அமர்வு" என்று எழுதினால் மடலைத் திறக்காமலேயே பாதிச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மடலின் உடலும் அதே சிக்கனத்தோடு இருக்கலாம்:

"அன்புள்ள அண்ணா, வணக்கம். வரும் வியாழக்கிழமை காலை 11 மணிக்கு அவிநாசி சாலை அலுவலகத்தில் நாம் சந்திக்கிறோம். 12 மணிக்கு முடித்துவிடலாம். சென்ற முறை சொன்ன மூன்று மாத ஆர்டர் பட்டியலை எடுத்து வந்தால் நன்றாக இருக்கும். தயாராகவில்லை என்றாலும் அப்படியே வாருங்கள், இருப்பதை வைத்துப் பேசிக்கொள்ளலாம். நேரத்தை மாற்ற வேண்டியிருந்தால் செவ்வாய் மாலைக்குள் ஒரு வரி எழுதிவிடுங்கள்."

இதில் "தயாராகவில்லை என்றாலும் அப்படியே வாருங்கள்" என்ற பகுதி மிக முக்கியம். ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காதவர்கள் கூச்சத்தாலேயே அமர்வைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் கூச்சத்தை முன்கூட்டியே நீக்கிவிட்டால் அவர் வந்துவிடுவார். அமர்வு முடியும் நேரத்தைச் சொல்வதும் அப்படித்தான். எப்போது திரும்பலாம் என்று தெரிந்தால், பிற்பகலில் வரும் பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) அவர் தயங்காமல் நேரம் கொடுக்க முடியும்.

விளிக்கும் சொல்லை நேரில் எப்படி வைத்திருக்கிறீர்களோ அப்படியே மடலிலும் வையுங்கள். நேரில் "அண்ணா", "அக்கா" என்று பேசிப் பழகியவருக்குத் திடீரென்று "மதிப்பிற்குரிய ஐயா" என்று எழுதினால், ஏதோ மனத்தாங்கல் என்றுதான் அவர் நினைப்பார். வயதில் இளையவரை நேரில் "தம்பி" என்று அழைத்தாலும், மடலில் "சொல்லியிருந்தீர்கள்", "பாருங்கள்" என்ற மரியாதை குறையக் கூடாது. சிறு பிள்ளையிடம்கூட "வாங்க, போங்க" என்று பேசும் ஊர் இது. "கவனிக்கவும்", "உடனே தெரிவிக்கவும்" என்று முடியும் வாக்கியங்களை அறவே தவிர்த்துவிடுங்கள். அவை மின்வாரிய அறிவிப்பின் குரலில் ஒலிக்கின்றன.

வேலையை நினைவூட்டும் மடலுக்குத்தான் கூடுதல் உழைப்பு தேவை. அமர்வு முடியும் தறுவாயில் அவர் எதைச் செய்வதாகச் சொல்கிறாரோ, அதை அவருடைய வாய்ச்சொல்லாகவே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நினைவூட்டும்போது உங்கள் சொற்களில் மாற்றி எழுதாமல், அந்த வாக்கியத்தையே திருப்பிக் கொடுங்கள்:

"அன்புள்ள தம்பி, வணக்கம். 'மாசக் கடைசிக்குள்ள அப்பாகிட்ட காஸ்டிங் விஷயத்தைப் பேசிடறேனுங்க' என்று சென்ற அமர்வில் சொல்லியிருந்தீர்கள். அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது? பேசியிருந்தால் எப்படிப் போனது என்று இரண்டு வரி எழுதுங்கள். இன்னும் பேசவில்லை என்றால், எது தடுக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்; அடுத்த அமர்வை அதிலிருந்தே தொடங்கலாம்."

"ஏன் இன்னும் செய்யவில்லை" என்ற கேள்வி இந்த மடலில் எங்குமே இல்லை. "எந்த நிலையில்" என்று கேட்கும்போது, செய்தவருக்கும் செய்யாதவருக்கும் பதில் எழுத இடம் கிடைக்கிறது. அவருடைய வாக்கியமே திரும்பி வருவதால், நீங்கள் வேலை வாங்குவதாக அவர் நினைக்க வழியில்லை.

ஆனால் இப்படிப்பட்ட மடலை எந்த முகவரிக்கு அனுப்புகிறீர்கள் என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். நம் பக்கத்துக் குடும்பத் தொழில்களில் கம்பெனியின் மின்னஞ்சலை அக்கவுண்டன்ட் திறப்பார், மேலாளர் திறப்பார், பல இடங்களில் அப்பாவும் பார்ப்பார். மேலே உள்ள மடல் அந்தப் பொது முகவரிக்குப் போனால், மகன் பேசுவதற்கு முன்பே அப்பாவுக்குச் செய்தி தெரிந்துவிடும். கோச் மீது வைத்த நம்பிக்கையும் அன்றோடு போய்விடும். முதல் அமர்விலேயே அவருடைய தனிப்பட்ட முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதை வேறு யாரும் பார்ப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். பார்ப்பார்கள் என்றால், "நாம் பேசிய அந்த விஷயம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத வேண்டாம். பொருள் வரி பூட்டிய கைபேசித் திரையிலும் தெரியக்கூடும் என்பதால், அதில் நாள், நேரம், "நம் அமர்வு" என்பவை தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. பலருக்கு ஒரே மடலை அனுப்பும்போது ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி மறைநகலில் (BCC) போடுவது குறைந்தபட்ச ஒழுக்கம். கோச்சிங்கில் அதையும் தவிர்த்துவிட்டுத் தனித்தனியே அனுப்புவதே நல்லது.

எப்போது அனுப்புவது என்பது ஊரையும் தொழிலையும் பொறுத்தது. மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதியும், ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20ஆம் தேதியும் கடைசி நாள். அந்தத் தேதிகளிலும் அவற்றுக்கு முந்தைய நாளிலும் வரும் மடல் பில்களுக்கு நடுவே மூழ்கிப்போகும். வாரச் சம்பளம் போடும் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை முழுவதும் கூலிக் கணக்குதான் ஓடும். ஈரோட்டு ஜவுளி வியாபாரிக்குத் திங்கள் இரவும் செவ்வாயும் வாரச்சந்தை. ஊரில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுவிட்டால், பொங்கல் வைத்து முடியும்வரை பலர் வேறு எதையும் மனத்தில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவரிடம் அந்த வாரத்தில் வேலையின் நிலையைக் கேட்பது முறையன்று. இவற்றையெல்லாம் ஒருமுறை நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் உதவும். ஜிமெயிலில் குறிப்பிட்ட நேரத்துக்கு மடலைத் திட்டமிட்டு அனுப்பும் வசதி 2019 முதல் இருக்கிறது. இரவு பதினோரு மணிக்கு எழுதினாலும், காலை எட்டரைக்குப் போகும்படி வைத்துவிடலாம். அமர்வுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு மடல், அன்று காலை ஒரு வரி, அவ்வளவு போதும்.

வெளிநாட்டில் இருப்பவராக இருந்தால் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள். இந்தியாவில் நேரம் மாறுவதில்லை. லண்டன் கோடையில் நமக்கு நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்தங்கி இருக்கும். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் இந்த மாற்றம் வருவதால், அடுத்து வரும் அமர்வுக்கு நேரத்தைத் தெளிவாகச் சொல்லி ஒரு மடல் தனியே அனுப்பிவிடுங்கள்.

கட்டண நினைவூட்டல் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு மரியாதையானது. பில் எண், தொகை, தேதி, செலுத்தும் வழி ஆகிய நான்கோடு இந்த வரிகள் இருந்தால் போதும்: "சென்ற மாத அமர்வுகளுக்கான பில்லை மீண்டும் இணைத்திருக்கிறேன். இந்த வாரத்துக்குள் அனுப்ப முடிந்தால் உதவியாக இருக்கும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இந்த மடலை விட்டுவிடுங்கள்." மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பணம் கேட்க வேண்டாம், வீட்டுச் செலவைச் சொல்லியும் கேட்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில் பணம் செலுத்துவதற்கு இருக்கும் 45 நாள் வரம்பு, பதிவு செய்த சிறு நிறுவனமாக இருந்தால் உங்களுக்கும் பொருந்தலாம். இங்குள்ள எந்தத் தொழிலதிபருக்கும் அது தெரிந்த விதிதான். ஆனாலும் நட்பான நினைவூட்டலில் அதை எழுதாதீர்கள். சட்டத்தைக் குறிப்பிட்ட அந்த நிமிடமே அது வேறு வகைக் கடிதமாகிவிடுகிறது. இந்த மடலைக் கம்பெனி முகவரிக்கு அனுப்பலாம், அக்கவுண்டன்ட் பார்க்க வேண்டியதும் இதைத்தான். அதனாலேயே இதில் அமர்வில் பேசிய எதுவும் இடம்பெறக் கூடாது.

அமர்வுக்கு வராமல் போனவருக்கு அன்று மாலையே எழுதுங்கள். காரணம் கேட்காமல், "இன்று சந்திக்க முடியவில்லை, எல்லாம் நலம்தானே" என்று விசாரித்துவிட்டு, அடுத்த வாரத்தில் இரண்டு நேரங்களைக் குறிப்பிட்டு எது வசதி என்று கேளுங்கள். "உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள்" என்று பொதுவாக விட்டால் பதில் வருவதற்கு நாளாகும். தவறிய அமர்வுக்குக் கட்டணம் உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அதை மறைக்காமல் ஒரே வரியில் எழுதிவிட வேண்டும்.

தொடர்ந்து இரண்டு மடல்களுக்குப் பதில் இல்லை என்றால், மூன்றாவது மடல் எழுதாமல் ஒரு போன் போடுங்கள். இங்கே பலர் நேரில் பேசுவதையும் போனையும்தான் முதன்மையாக நினைக்கிறார்கள். மடலைப் படித்துவிட்டு "பேசிக்கலாமுங்க" என்று மனத்துக்குள் பதில் சொல்லியிருப்பார்கள். போனையும் எடுக்கவில்லை என்றால் ஒரு வாரம் விட்டுக் கடைசி மடலை அனுப்பலாம்: "இப்போது வேறு வேலைகள் முன்னால் நிற்கின்றன என்று புரிந்துகொள்கிறேன். மேற்கொண்டு நினைவூட்டல்கள் அனுப்பமாட்டேன். மீண்டும் தொடங்க நினைக்கும்போது இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள்; விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்." அனுப்பிய பிறகு, திட்டமிட்டு வைத்திருக்கும் மடல்களில் அவர் பெயருக்கு எதுவும் மிச்சம் இல்லாதபடி அன்றைக்கே நீக்கிவிடுங்கள். அவருடைய குறிப்புகளை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.