கொச்சியில் படகு ஏறும்போது பலரும் செய்யும் தவறுகள்

கொச்சிக்குப் போகிற நம்மூர்க்காரர்கள் பலர், படகு என்றாலே உல்லாசப் பயணம் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே படகு என்பது டவுன் பஸ். அலுவலகம் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், மீன் கூடையோடு வருகிறவர்கள் எல்லாரும் அதில்தான் போய்வருகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதித் தவறுகள் குறைந்துவிடும்.

முதல் தவறு, துறை மாறிப்போய் நிற்பது. எர்ணாகுளம் கரையில் மூன்று இடங்களில் படகு கிடைக்கும். சுபாஷ் பூங்கா பக்கம் இருப்பது கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகுகள் கிளம்பும் பழைய துறை. வடக்கே ஹைகோர்ட் பக்கம் இருப்பது வாட்டர் மெட்ரோ என்ற புதுப் படகுச் சேவையின் நிலையம். நடுவில் மரைன் டிரைவ் நெடுக, துறைமுகத்தைச் சுற்றிக்காட்டும் தனியார் படகுகள். ஆட்டோக்காரரிடம் மொட்டையாக ‘படகுத்துறை’ என்று மட்டும் சொன்னால் இந்த மூன்றில் எங்கே வேண்டுமானாலும் இறக்கிவிடலாம். தனியார் படகில் ஏறினால் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடுவார்கள். அக்கரைக்குப் போக நினைத்தவருக்குக் காசும் நேரமும் வீண். 2024 ஏப்ரலில் அக்கரையிலுள்ள ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ தொடங்கியபோது ஹைகோர்ட்டிலிருந்து கட்டணம் 40 ரூபாய். ஏ.சி. உண்டு. அரசுப் படகில் சில ரூபாய்தான், காற்று இலவசம். வெயில் இல்லாத நேரத்தில் நான் அரசுப் படகையே சொல்வேன்.

இறங்கும் இடத்திலும் குழப்பம் உண்டு. சீன வலைகள், புனித பிரான்சிஸ் தேவாலயம் எல்லாம் ஃபோர்ட் கொச்சிப் பக்கம். 1568-இல் கட்டிய யூதர் ஜெப ஆலயமும் டச்சு அரண்மனையும் மட்டாஞ்சேரியில். ஃபோர்ட் கொச்சியில் இறங்கிவிட்டு, உச்சி வெயிலில் மட்டாஞ்சேரிக்கு நடக்கிற குடும்பங்களை எப்போதும் பார்க்கலாம். மட்டாஞ்சேரிக்கே தனிப் படகு இருக்கிறது, கேட்டு ஏறினால் போதும். சனிக்கிழமை ஜெப ஆலயம் திறக்காது என்பதையும் பலர் வாசலுக்குப் போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

விடுமுறை நாளில் ஃபோர்ட் கொச்சிக்கு வரிசை நீளமாக இருந்தால் அங்கேயே காத்துக் கிடக்க வேண்டாம். வைப்பின் தீவுக்குப் போகும் படகில் ஏறுங்கள். வைப்பினிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு கார், லாரி, ஆள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ரோ-ரோ படகு போகிறது. கொஞ்ச நேரத்தில் அக்கரை. ரோ-ரோவில் வண்டிகள் ஏறி இறங்கும்போது அவற்றுக்கு நடுவே மட்டும் புகுந்து போகாதீர்கள்.

அப்புறம், ஏறுவதும் இறங்குவதும். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாட்டர் மெட்ரோவில் மிதக்கும் மேடை இருக்கிறது. கடல் ஏற்றவற்றத்தோடு மேடையும் சேர்ந்து உயர்ந்து தாழ்வதால் படகும் மேடையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். பழைய துறைகள் அப்படியில்லை. கல் மேடை அசையாது, படகுதான் நீரோடு ஏறி இறங்கும். காலையில் சமமாக இருந்த படி மாலையில் முழங்கால் உயரம் கீழே இருக்கலாம். படகு மேடையை ஒட்டும்போது லஸ்கர் என்ற படகு ஊழியர் கயிற்றைக் கட்டையில் சுற்றி இழுப்பார். சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்கு மணியடித்து எஞ்சின் டிரைவருக்குச் சைகை கொடுப்பார். கயிறு இறுகும் வரை படகுக்கும் மேடைக்கும் நடுவில் இடைவெளி விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். அந்த நொடியில்தான் நம்மவர்கள் சீட்டுப் பிடிக்கத் தாவுகிறார்கள், கையில் குழந்தையோடு! கால் அந்த இடைவெளிக்குள் போனால் நசுங்கிவிடும். கயிறு கட்டி முடியட்டும். உள்ளே இருப்பவர்கள் இறங்கட்டும். இரண்டு கையும் காலியாக இருக்கும்படி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுங்கள்.

ஏறிய பிறகு, கப்பலோ டால்பினோ கண்ணில் பட்டால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடக்கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த படகில் 45 பேர் இறந்தார்கள். படகின் அமைப்பில் குறை இருந்தது, விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் சேர்ந்துகொண்டது. உயிர்காப்புக் கவசம் எங்கே இருக்கிறது என்று ஏறியதும் பார்த்து வையுங்கள். குழந்தைக்குப் பெரியவர் அளவு சரிப்படாது.

தனியார் படகு என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேரைப் பலிகொண்டது, மீன்பிடிப் படகை மாற்றிச் சுற்றுலாவுக்கு விட்ட படகு. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள், இருட்டும் நேரம் வேறு. எத்தனை பேருக்கு அனுமதி என்று படகில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியதற்கு மேல் ஏற்றினால் கொடுத்த காசைப் பற்றி யோசிக்காமல் இறங்கிவிடுங்கள்.

அரசுப் படகில் கூட்டம் அதிகமாக இருந்தாலும் அடுத்ததில் போகலாம். துறைமுக வாயிலில் பெரிய கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் குறுக்கும் நெடுக்குமாகப் போய்வருகின்றன. 2015 ஆகஸ்டில் ஃபோர்ட் கொச்சி அருகே, வைப்பினிலிருந்து வந்த பயணிகள் படகின் மேல் மீன்பிடிப் படகு மோதி 11 பேர் இறந்தார்கள்.

கடைசியாக, திரும்பும் நேரம். சீன வலைகளுக்குப் பின்னால் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகத் துறைக்கு வந்தால், அதே எண்ணத்தோடு ஊரே வரிசையில் நிற்கும். போய் இறங்கியதுமே கவுண்டரில் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு இரண்டு படகு முன்னதாகவே கிளம்பும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் தவறினால் தோப்பும்படி வழியாக எர்ணாகுளத்துக்குப் பஸ் உண்டு.