மலைப்பாதையில் காரோட்டம்: ஏற்றம், இறக்கம், நடுவில் காடும் ஆறும்

மலைப் பயணத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் திட்டம் முதல் நாளே கவிழ்ந்துவிடும். சமவெளியில் 200 கி.மீ. என்பது மூன்றரை, நான்கு மணி நேரம். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையில் சராசரி வேகம் மணிக்கு 25, 30 கி.மீ. கிடைத்தாலே அதிகம், அதே தூரம் ஏழெட்டு மணி நேரத்தை விழுங்கும். மேப் சொல்லும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மேப் காட்டும் குறுக்குவழியை, அதில் பஸ் போகிறதா என்று அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

இன்னொரு விதி: ஒரே நாளில் நீண்ட ஓட்டத்தையும் நீண்ட நடையையும் வைக்கக் கூடாது. இரண்டுக்கும் வேண்டியது காலை நேரம். பெரும்பாலான மலைகளில் வெயில் ஏற ஏறத்தான் மேகம் திரளும். மழை, இடி, மூடுபனி எல்லாம் பிற்பகலில் வந்து சேரும். ஆகவே ஓட்ட நாளில் விடிந்ததும் கிளம்பி, பகல் 2 மணிவாக்கில் தங்குமிடத்தை அடைந்துவிடுங்கள். நடை நாளில் கார் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். ஐந்து நாள் பயணம் என்றால் மூன்று ஓட்ட நாள், இரண்டு நடை நாள். ‘போகிற வழியில் ஒரு சிகரம் ஏறிவிட்டுப் போவோம்’ என்று போடும் திட்டம், களைத்த கால்களோடு இருட்டில் வளைவுகளை ஓட்டுவதில்தான் போய் முடியும்.

வண்டியில் எதைப் பார்ப்பது?

முதலில் பிரேக். சக்கரத்தோடு சுழலும் தட்டை (டிஸ்க்) அழுத்திப் பிடிக்கும் பேடின் தடிமன் 3 மி.மீ.க்குக் கீழே வந்தால் எப்படியும் மாற்ற வேண்டும். மலைக்குப் போவதென்றால் 4 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. அதைவிட முக்கியம், பலரும் மறந்துவிடும் பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். புதிய ‘டாட் 4’ ரக ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 155 டிகிரி வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் அந்த வெப்பம் எளிதாக வந்துவிடும். ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றுங்கள்.

அடுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் அளவு, ரேடியேட்டர் ஹோஸில் வெடிப்பு, வைப்பர் ரப்பர், ஸ்டெப்னியில் காற்று. ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை போட்டு, நட்டு கழல்கிறதா என்று பாருங்கள். மெஷினில் முறுக்கிய நட்டு கைக்கு அசையாது என்பது மலையுச்சியில் தெரிய வேண்டிய செய்தி அல்ல. டயர் காற்றை, வண்டி குளிர்ந்திருக்கும்போது, முழுச் சுமைக்குக் கம்பெனி சொல்லும் அளவில் வையுங்கள். மேலே ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயருக்குள் அளவு கூடும், குளிரால் குறையும். இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். நடுவழியில் காற்றை இறக்கிவிடத் தேவையில்லை. சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்து டயரை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

கனமான சாமான்கள் கீழே, பின்சீட்டை ஒட்டி. கூரை கேரியரில் கூடாரம், படுக்கை போன்ற லேசானவை மட்டும். மேலே பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும். எரிபொருள் பாதி ஆனதும் நிரப்புங்கள். ‘இன்னும் இத்தனை கி.மீ. ஓடும்’ என்று டேஷ்போர்டு காட்டும் எண், சற்றுமுன் ஓட்டிய விதத்தை வைத்துப் போட்ட கணக்கு. இறக்கம் முடிந்த இடத்தில் தாராளமாகக் காட்டிவிட்டு, அடுத்த ஏற்றத்தில் மளமளவென்று குறையும்.

ஏறும்போது

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். காற்று மெலிவதுதான் காரணம். வண்டியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். எஞ்சின் திணறும் முன்பே கியரைக் குறையுங்கள். மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு போவதைவிட, இரண்டாவதில் சற்றுச் சத்தமாகப் போவது எஞ்சினுக்கும் நல்லது, கூலன்ட் ஓட்டத்துக்கும் நல்லது. சரிவில் நெரிசலில் நிற்கும்போது அரைக் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளம்பும்போது கிளட்ச் பிடிக்கும் இடம் வந்ததும் அதை விடுவியுங்கள். கருகிய வாடை வந்தால் கிளட்ச் பிளேட் தேய்கிறது; கால்மணி நேரமாவது ஓய்வு கொடுங்கள்.

டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். எஞ்சினின் சூடு கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். எஞ்சின் நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.

இறங்கும்போது

மலையில் ஆபத்து அதிகம் இறக்கத்தில்தான். ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய விதி இன்றும் செல்லும். செங்குத்தாக இருந்தால் அதற்கும் ஒன்று குறைவாக. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிரேக் துணைக்கு மட்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘டி’யிலேயே விட்டுவிடாமல் குறைந்த கியரில் பிடித்துவைக்கும் ‘எல்’, ‘2’ அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். வேகம் கூடும்போது அழுத்தமாக மிதித்துக் குறையுங்கள், பிறகு காலை முழுதாக எடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது தப்புக்கணக்கு. கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் எரிபொருளை நிறுத்தியே விடுகின்றன. நியூட்ரலில்தான் கொஞ்சம் செலவாகும். எஞ்சினையே அணைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் உச்சியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கக் கூடாது. பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் மோட்டார் வண்டியைப் பிடிக்கும்போது பிறக்கும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை, மோட்டாரின் பிடிப்பு குறைந்துவிடும். 80 சதவீதத்தோடு இறங்கினால் அடிவாரத்தில் அது கூடியே இருக்கலாம்.

பிரேக் சூடேறிவிட்டதைக் கால் சொல்லும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் வெந்து வழுக்குகிறது. பெடல் பஞ்சுபோல உள்ளே போனால் ஆயில் கொதித்துக் குமிழி கட்டிவிட்டது. எதுவானாலும் செய்ய வேண்டியது இதுதான்:

1. உடனே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். பெடல் உள்ளே போனால் விட்டுவிட்டு வேகமாகப் பலமுறை மிதியுங்கள். கொஞ்சம் அழுத்தம் திரும்பும்.
2. அடுத்து வரும் அகலமான, முடிந்தால் மேல்நோக்கிய இடத்தில் நிறுத்துங்கள். வழியே இல்லையென்றால் மலைப்பக்கத்துச் சுவரில் உரசி நிறுத்தலாம். பள்ளத்துப் பக்கம் போகவே கூடாது.
3. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பின்சக்கர பிரேக் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.
4. அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணும், விரிசலும் விடலாம்.

வளைவுகள், மூடுபனி, மண்சரிவு

வளைவுக்கு முன்பே வேகத்தையும் கியரையும் குறைத்துவிட்டு, வளைவுக்குள் லேசான ஆக்ஸிலேட்டரில் போங்கள். நடுவளைவில் பிரேக் மிதித்தால் ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கும். பஸ்ஸும் லாரியும் கொண்டை ஊசி வளைவில் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும், அவற்றுக்கு வேறு வழியில்லை. எதிரே வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். குறுகலான சாலையில் ஏறும் வண்டிக்கு வழிவிடுவதே வழக்கம், நின்ற இடத்திலிருந்து மறுபடி ஏற்றுவது கடினம் என்பதால். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். முதுகில் அவசரம் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் நிதானம் வராது.

மூடுபனியில் ஹெட்லைட் டிம்மில். பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஓடிக்கொண்டே, இண்டிகேட்டர் எல்லாம் ஒன்றாக மின்னும் ஹஸார்டு லைட் போட்டால், நீங்கள் திரும்பப் போவது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

மழைக்குப்பின் சாலையில் புதிதாக விழுந்த சிறு கற்கள், சரிவிலிருந்து கசியும் சேற்றுநீர், சாய்ந்து நிற்கும் மரங்கள் கண்ணில் பட்டால் அந்த இடத்தில் போட்டோவுக்கு நிற்காதீர்கள். சாலையைக் கடந்து நீர் ஓடினால், அரையடிக்குமேல் இருந்தால் இறங்காதீர்கள். ஓரடி ஓடும் நீர் சிறிய காரை மிதக்கவிடும், இரண்டடி பெரும்பாலான கார்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

வாந்தி வரும் ஆளை முன்சீட்டில் உட்காரவைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள், போன் வேண்டாம். வாந்தி மாத்திரை பெரும்பாலும் தூக்கம் தரும், ஓட்டுபவர் தொடக் கூடாது.

நடை நாள்

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் தந்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. போக வர 8 கி.மீ., ஏற்றம் 450 மீட்டர் என்றால் 96 நிமிடமும் 45 நிமிடமும் சேர்ந்து 2 மணி 21 நிமிடம். இது நல்ல நடையாளருக்கு, ஓய்வில்லாமல். குழந்தைகளோடு, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணெதிரே இருந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்புவதுதான்.

1000 மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குளிரும். கார் நிற்கும் இடத்தில் 20 டிகிரி என்றால், 800 மீட்டர் மேலே 15தான். காற்றும் வியர்வையும் சேர்ந்தால் நடுக்கம் வரும். ஆகவே தோள்பையில் மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், டார்ச், விசில். வழி தவறினால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. இது பல நாடுகளில் மலையேறிகள் அறிந்த அபாயக் குறி. பதிலாக மூன்று விசில் வரும்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குள் என்றால் இடி 10 கி.மீ.க்குள் இருக்கிறது, அதாவது உங்களையும் எட்டும். முகட்டை விட்டு இறங்குங்கள், தனிமரத்தடி கூடாது. இரும்புக்கூரை உள்ள கார், கண்ணாடி ஏற்றிய நிலையில், நல்ல புகலிடம். கடைசி இடிக்குப்பின் அரைமணி கழித்து வெளியே வாருங்கள்.

ஆறும் அருவியும்

தெளிந்த நீரில் ஆழம் ஏமாற்றும். ஒளி வளைவதால் நாலடி மூன்றடியாகத் தெரியும். இறங்கி அளக்காத இடத்தில் குதிக்கவே கூடாது. ஓடையைக் கடக்கும்போது குறுகிய இடத்தைத் தேடாதீர்கள், அங்கேதான் ஆழமும் வேகமும். அகன்று பரவும் இடத்தில், செருப்பைக் கழற்றாமல், பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, கம்பை மேல்நீர்ப் பக்கம் ஊன்றிக் கடவுங்கள். வேகமான நீர் முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தாலோ மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது. சாமானை எடுக்க நிற்காமல் கரையேறுங்கள்.

ரப்பர் படகில் வேக நீரில் போகும் ராஃப்டிங்கில் நதிகளை, எளிதான ஒன்று முதல் மிகக் கடினமான ஆறு வரை தரம் பிரிப்பார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு மூன்றோடு சரி. லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் அது காதுவரை வரக் கூடாது. வந்தால் பட்டையை இறுக்கச் சொல்லுங்கள். படகிலிருந்து விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி மிதந்து போங்கள். எழுந்து நிற்க முயன்றால் பாறையிடுக்கில் கால் சிக்கி, நீர் ஆளைக் கவிழ்த்துவிடும். பாராசூட் போன்ற துணி இறக்கையில் பறக்கும் பாராகிளைடிங்கில் முதலில் பார்க்க வேண்டியது தொடைப் பட்டைகள். காற்று சரியில்லை என்று பைலட் மறுத்தால் வாதாடாதீர்கள், மறுக்கத் தெரிந்தவரே நல்ல பைலட்.

உயரத்தில் படுக்கை

கார் வசதியின் கெடுதல், உடம்பு பழகும் முன்பே அது ஆளை மேலே கொண்டுபோய்விடும். 2500 மீட்டருக்குமேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். 3000 மீட்டருக்குமேல், தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்குமேல் உயரக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்குங்கள். பகலில் உயரமான கணவாயைக் கடந்து கீழே வந்து படுப்பதில் தவறில்லை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அப்போதே கீழே இறக்குங்கள்.

கூடாரம் ஆற்றிலிருந்து 60 மீட்டர் தள்ளி, காய்ந்த கிளை இல்லாத இடத்தில் அடியுங்கள். ஓடைநீரை, 2000 மீட்டருக்குமேல், மூன்று நிமிடம் கொதிக்கவைத்துக் குடியுங்கள். அங்கே நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ எரிக்கக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக் காருக்குள் தூங்கக் கூடாது. இரண்டிலும் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

கடைசி நாள் இறக்கத்தைக் காலையில் வையுங்கள், முந்தைய நாள் நடக்காத ஆள் ஓட்டட்டும். அடிவாரம் வந்தபின் பிரேக் பெடல் பழைய உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சற்றே இறங்கியிருந்தாலும் அடுத்த நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு முன் மெக்கானிக்கிடம் காட்டி, பிரேக் ஆயிலை மாற்றி, அதன் குழாயில் சேர்ந்த காற்றை எடுக்கச் சொல்லுங்கள்.