கொழுந்தாடையோடு சவுண்டல் தழையும் போடுங்கள்
கரும்பு வெட்டு நடக்கும் ஜூன் முதல் டிசம்பர் வரை ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொழுந்தாடையை (கரும்பின் நுனித் தழையை) மட்டும் போடாமல், சாலையோரம் மண்டிக் கிடக்கும் சவுண்டல் தழையையும் (இங்கே மொரீஷியசில் அக்காசியா என்கிறோமே, அதுதான்) நாலில் ஒரு பங்கு கலந்து போடுங்கள், தீவன மூட்டைக்குப் போகும் காசு குறையும். அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையில் நாரைச் செரிக்க வைப்பவை நுண்ணுயிர்கள்தான். அவை பெருகப் புரதம் வேண்டும், கொழுந்தாடையில் அது ரொம்பக் குறைவு, சவுண்டலில் தாராளம். முதலில் ஒரு பிடி, அப்புறம் மெல்லக் கூட்டுங்கள்.

முயல், குதிரை, பன்றிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்: தழையில் உள்ள மைமோசின் என்ற நஞ்சை முறிக்க அவற்றுக்கு அந்த இரைப்பை கிடையாது, முடி கொட்டிவிடும். சினை ஆட்டுக்கும் தவிர்ப்பது நல்லது.