கேரவனில் சீல்டு பேட்டரி: வாயு எப்போது வெளியேறும், எந்த வழியாக அனுப்புவது

சீல்டு லெட் ஆசிட் பேட்டரியின் ஒவ்வொரு செல்லுக்கும் மேலே ஒரு சின்ன ரப்பர் வால்வு உண்டு. சார்ஜ் நிரம்பும் தறுவாயில் நேர்மின் தகட்டில் ஆக்சிஜன் உண்டாகும். ஏ.ஜி.எம். வகையில் அமிலத்தை உறிஞ்சிவைத்திருக்கும் கண்ணாடி இழை விரிப்பு வழியாகவும், அமிலம் கூழாக உறைந்திருக்கும் ஜெல் வகையில் ஜெல்லில் விழுந்த நுண்வெடிப்புகள் வழியாகவும் அது எதிர்மின் தகட்டுக்குப் போய் மறுபடி தண்ணீராகிவிடும். சார்ஜ் அளவு மீறினால் ஹைட்ரஜனும் சேர்ந்து அழுத்தம் ஏறும். வால்வு திறந்து வாயுவை விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். அப்படிப் போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. ஆயுள் அந்த அளவுக்குக் குறைந்ததுதான்.

எனவே முதலில் சார்ஜரைச் சரிசெய்யுங்கள். சார்ஜ் ஏற்றும் வோல்டேஜ் 12 வோல்ட் ஏ.ஜி.எம்.முக்கு 25 டிகிரி செல்சியஸில் பெரும்பாலும் 14.4 முதல் 14.7 வோல்ட், ஜெல்லுக்கு 14.1 முதல் 14.4, இரண்டுக்கும் ஃப்ளோட் (நிரம்பியபின் அப்படியே தக்கவைக்கும் வோல்டேஜ்) 13.5 முதல் 13.8. உங்கள் பேட்டரியின் விவரத்தாள் வேறு எண் சொன்னால் அதுவே சரி. செல்களைச் சமன்செய்ய வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜ் ஏற்றும் ஈக்வலைஸ் வசதியை அணைத்துவிடுங்கள். சோலார் கன்ட்ரோலரிலும் இதே எண்களை அமைக்க வேண்டும். பலர் மறப்பது இங்கேதான்.

வெப்பம் ஏறினால் வோல்டேஜைக் குறைக்க வேண்டும்: செல்லுக்கு, டிகிரிக்குச் சுமார் 4 மில்லிவோல்ட். பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் 14.4 வோல்ட் 13.9 ஆக இறங்க வேண்டும். வெப்ப சென்சாரைப் பேட்டரியின் உடலிலேயே ஒட்டுங்கள், பெட்டிச் சுவரில் அல்ல.

அடுத்து இடம். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அது மேலே எழும் வாயு என்பதால் பெட்டியின் உச்சியில் ஒரு வழி, அடியில் காற்று நுழைய ஒரு வழி, இரண்டும் வண்டிக்கு வெளியே திறக்கும்படி வேண்டும். பேட்டரியின் பக்கவாட்டில் வாயுத் துளை இருந்தால் முழங்கை இணைப்பும் குழாயும் மாட்டி வெளியே கொண்டுபோங்கள். மடிப்பு விழவே கூடாது. ஃப்யூஸ், ரிலே, இன்வெர்ட்டர் போன்ற பொறி கிளம்பும் எதையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். கேஸ் சிலிண்டருக்குத் தனி அறை. பேட்டரியைத் தலைகீழாக மாட்டவே கூடாது.

அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு, நச்சு வாயு. எல்லோரும் உடனே வெளியேறுங்கள், போகிறபோக்கில் கதவுகளைத் திறந்துவிடுங்கள். உள்ளே எந்த சுவிட்சையும் தொடாமல், வெளி மின்சாரத்தை வண்டிக்கு எட்டத்திலுள்ள மூலத்திலேயே நிறுத்துங்கள். வாடை அடங்கி, பேட்டரி ஆறும்வரை டெர்மினலைக் கழற்றாதீர்கள்.

இதற்கு வழக்கமான காரணம் ஒரு செல் ஷார்ட் ஆவது. ஓய்வு வோல்டேஜ் (சார்ஜும் பயன்பாடும் இல்லாதபோது காட்டுவது) 12.8க்குப் பதில் 10.5 அளவில் நிற்கும். சார்ஜரோ ஆறு செல்லுக்கான வோல்டேஜை ஐந்தின்மேல் ஏற்றிக்கொண்டே இருக்கும். அவை கொதிக்கும், பக்கச்சுவர் உப்பும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். இணையாகப் பூட்டியிருந்தால் ஜோடியையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது புதியதையும் கெடுத்துவிடும்.