ரிச்மண்ட் ஆற்றோர பப்புக்குப் போகுமுன் காலண்டரைப் பாருங்கள்

லண்டனுக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் முதல் கோடையிலேயே கேட்பது: பிள்ளைகளோடு பப்புக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஊர் டாஸ்மாக்கை நினைத்துத் தயங்காதீர்கள். பகலில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை வந்து உட்கார்ந்து சாப்பிடும் இடம் இது.

சட்டமும் நடைமுறையும் சுருக்கமாக: 16 வயதுக்குக் கீழ் இருந்தால் பெரியவர் துணை வேண்டும். 18க்குக் கீழ் மது வாங்க முடியாது. 25 வயதுக்குக் கீழ் தெரிந்தால் அடையாளம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ கையில் இருக்கட்டும். இரவு எத்தனை மணி வரை பிள்ளைகள் இருக்கலாம் என்பதை ஒவ்வொரு பப்பும் தானே முடிவு செய்கிறது; போன் செய்து கேட்டுவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். தேம்ஸ் கரையில் போய்வர அழகான இடம் ரிச்மண்ட். 1777இல் கட்டி முடித்த கல்பாலம் இன்றும் வண்டிகளைச் சுமக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, வாட்டர் லேன் இறங்கி ஆற்றைத் தொடும் இடத்தில் ஒயிட் கிராஸ் என்ற பழைய பப். வாசலை ஒட்டிய கரைச்சாலையில் கார் நிறுத்தும் இடமும் இருக்கும். அங்கே காலியாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள்.

கடல் ஏற்றம் (high tide) தேம்ஸில் டெடிங்டன் மதகு வரை வருகிறது. ரிச்மண்ட் அதற்குக் கீழே, கடல் பக்கமாக இருக்கிறது. அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த இரண்டு மூன்று நாள் ஏற்றம் உச்சத்தில் இருக்கும். அந்த நாட்களில் தண்ணீர் படி தாண்டி, சாலை தாண்டி, கார் கதவு வரை வரக்கூடும். கோடையில் அந்த நாட்களின் பகல் உச்சம் மாலை 4, 5 மணி வாக்கில் விழும். குடும்பங்கள் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் அதுதான். மழையே வேண்டாம், பளீரென்ற வெயிலிலும் வரும். மேற்கே மழை பெய்திருந்தால் இன்னும் உயரும். கடல் வெள்ளத்தைத் தடுக்கும் தேம்ஸ் தடுப்பணை காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். வழக்கமான ஏற்றத்துக்கெல்லாம் அதை மூடுவதில்லை.

எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அதற்குக் கீழேயே நிறுத்திவிட்டு உள்ளே போகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. பப்பின் பக்கவாட்டில் ஒரு படிக்கட்டு, அதற்குமேல் ‘ஏற்றத்தின்போது வாசல்’ என்ற பொருளில் ஆங்கிலப் பலகை. தண்ணீருக்கென்று தனி வாசல் வைத்திருக்கும் கட்டடத்தின் எதிரே காரை விடலாமா?

வீட்டில் தினசரிக் காலண்டர் இருந்தால் திதியைப் பாருங்கள். பிறகு லண்டன் துறைமுக ஆணையத்தின் ஏற்ற அட்டவணையில் நேரம் பாருங்கள். அதில் உள்ள லண்டன் பிரிட்ஜ் நேரத்தோடு சுமார் ஒரு மணி சேர்த்தால் ரிச்மண்ட் நேரம். அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால், கோடைக்கு இன்னொரு மணி கூட்ட வேண்டும். இந்த ஒரு மணியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் வேகமாக ஏறும், மெதுவாக வடியும். ‘தெரிந்ததும் ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம்’ என்பது நடக்காது.

கார் நனைந்துவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. காற்றுக்குழாய் வழியே சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட் வளைந்து எஞ்சினே போய்விடும். வடியும் வரை காத்திருந்து, இழுவை வண்டியில் மெக்கானிக்கிடம் அனுப்புங்கள்.

உண்மையில் கார் எதற்கு? கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ரிச்மண்ட் போகும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலைப் பிடித்தால் மாறாமல் போகலாம். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. தள்ளுவண்டி இருந்தால் வாட்டர் லேனின் கல்பாவிய சரிவில் பிரேக் மேல் ஒரு கை இருக்கட்டும். சேறு படிந்த ஆற்றுப்படிகளில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். வடியும் நேரத்தில் இழுப்பு பலமாக இருக்கும்.

சர்வர் வருவார் என்று காத்திருக்காமல், மேஜை எண்ணைப் பார்த்துக்கொண்டு பாருக்குப் போய் ஆர்டர் கொடுத்துப் பணம் கட்டுங்கள். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசம். கட்டிக்கொண்டு போன புளியோதரையை அங்கே பிரிக்கக் கூடாது. சைவக்காரர்கள் இரண்டு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: சிப்ஸ் பொரிக்கும் எண்ணெயில் மீனும் பொரிக்கிறீர்களா, கிரேவியில் இறைச்சிச் சாறு இருக்கிறதா?