பழைய மியாட்டாவைச் சாலை உப்பு அரிக்காமல் காப்பது எப்படி? தொடக்கநிலைச் செய்முறை

கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் பனியை உருக்க நவம்பரில் கொட்டத் தொடங்கும் சாலை உப்பு ஏப்ரல் வரை ஓய்வதில்லை. 1989 முதல் 1997 வரை வெளிவந்த முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா என்ற துணிக்கூரைச் சிறு காரை ஆசையாக வைத்திருப்பவர்கள் பெயின்டைப் பார்த்துத்தான் கவலைப்படுகிறார்கள். பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். கதவுக்குக் கீழே பெட்டி போல நீளவாக்கில் ஓடும் ஸில், பின்சக்கரத்தை நெருங்கும் இடத்தில் ஒரு சாண் அளவுக்கு உள்ளிருந்தே அரித்துப் போயிருக்கும். வெளியே சிறு கொப்புளம் தெரிவதற்குள் உள்தகடு பாதி போய்விடும். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடங்களைப் பற்றியதுதான். வேறு பழைய காராக இருந்தால் துளைகளின் இடம் மாறும், முறை மாறாது.

உப்பு எப்படி வேலை செய்கிறது

மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரமாகும். கடுங்குளிருக்காகச் சாலையில் தெளிக்கும் கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் இன்னும் மோசம். 30, 33 சதவீத ஈரப்பதமே அவற்றுக்குப் போதும். கராஜ் காய்ந்து கிடக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, தகட்டின் மடிப்பில் ஒட்டிய அந்தப் படலம் ஈரமாகவே இருக்கும். துருவுக்குத் தேவை இரும்பு, நீர், ஆக்சிஜன். உப்பு அந்த நீரை உலரவிடாமல் பிடித்துவைப்பதோடு, மின்னோட்டம் எளிதாகப் பாயவும் வழிசெய்து அரிப்பை வேகப்படுத்துகிறது.

சூடேற்றிய கராஜில் நிறுத்தினால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் இதனால்தான் பொய்க்கிறது. உப்போடு வந்த காரைக் கழுவாமல் வெதுவெதுப்பான இடத்தில் நிறுத்தினால், உறைந்து கிடந்த உப்புச்சேறு உருகி மடிப்புகளுக்குள் இறங்கும். சூட்டில் அரிப்பும் வேகமெடுக்கும்.

எப்போது, என்னென்ன வேண்டும்

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நல்ல காலம். குளிர் கூடினால் எண்ணெய் கெட்டியாகி மடிப்புக்குள் சரியாக ஊறாது.

- லானோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு) சேர்ந்த துரு தடுப்பு எண்ணெய் (ஃப்ளூயிட் ஃபிலிம், வூல்வாக்ஸ் போன்றவை): 3 முதல் 4 லிட்டர்
- கம்ப்ரஸரும் அண்டர்கோட்டிங் (காரின் அடியில் அடிக்கும் பூச்சு) ஸ்ப்ரே கன்னும், நுனியில் சுற்றிலும் தெளிக்கும் நீளமான வளையும் குழாயும்
- தூக்கிய காரைத் தாங்கும் 4 ஜாக் ஸ்டாண்ட், சக்கரக் கட்டைகள்
- வயர் பிரஷ், துரு மாற்றி, எபாக்ஸி பிரைமர்
- பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ரசாயன ஆவி வடிகட்டும் முகமூடி, பழைய அட்டைப்பெட்டிகள்

கம்ப்ரஸர் இல்லாவிட்டால் ஸ்ப்ரே டப்பாவிலேயே நீளக் குழாய் மாட்டிச் செய்யலாம். செலவு கூடும், கைவலியும் கூடும்.

படி 1: வடிகால்களைத் திற

எல்லாரும் தாண்டிப்போகும் வேலை இது. மியாட்டாவில் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால், இருபக்கமும் சீட் பெல்ட் கோபுரத்தை ஒட்டிய குழாய்கள் வழியே இறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே கொட்ட வேண்டும். இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் திசைமாறிக் கம்பளத்துக்கும் ஸில்லுக்கும் போய்விடும்.

ஒவ்வொரு பக்கமும் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றிய வேகத்திலேயே கீழே வந்தால் சரி. தேங்கினால் புல்வெட்டும் கருவியின் தடித்த நைலான் கயிற்றை விட்டுச் சுழற்றி அடைப்பை எடுங்கள். இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம், குழாய் கிழிந்தால் தண்ணீர் முழுக்க உள்ளேதான் போகும்.

அடுத்து ஸில்லின் அடிவிளிம்பில் உள்ள சிறு வடிகால் துளைகள். அதிலிருந்து ஈரமண் உதிர்ந்தால் நல்லது, தூர் எடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று பொருள். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால் உள்ளே அரிப்பு நடக்கிறது. அண்டர்கோட்டிங் அடித்தவர் யாரோ துளையை மூடியே வைத்திருப்பதும் உண்டு. சுரண்டித் திறந்துவிடுங்கள்.

படி 2: தூக்கு, கழுவு, காயவிடு

சமதளத்தில் ஜாக் ஸ்டாண்டுகளை முட்டுக்கொடுத்து நிறுத்தி, காரை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போங்கள். ஜாக்கை மட்டும் நம்பி எவரும் அடியில் படுக்கக் கூடாது. நான்கு சக்கரங்களையும் முன்சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறையையும் கழற்றுங்கள். அந்த உறைக்குப் பின்னால், ஃபெண்டரின் அடியில் ஒரு கைப்பிடி ஈரமண் கிடக்கும். பல ஆண்டு உப்பு அதில் ஊறியிருக்கும்.

அழுத்தநீர்க் குழாயை ஒரு அடி தள்ளிப் பிடித்துக் கழுவுங்கள். ரப்பர் உறை, மின்னிணைப்பு, பேரிங் சீல் ஆகியவற்றின் மேல் நேராக அடிக்க வேண்டாம். பிறகு குறைந்தது 2 நாள் காயவிட வேண்டும், விசிறி வைத்தால் நல்லது. ஈரத்தின் மேல் எண்ணெய் அடித்தால் சில இடங்களில் அது நீரை ஒதுக்கும், சில இடங்களில் உள்ளேயே அடைத்துவைக்கும். எங்கே எது நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

படி 3: இருக்கும் துருவைத் தரம் பிரி

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஸில், தரைத்தகடு, சஸ்பென்ஷன் பொருத்திய இடங்கள் எல்லாவற்றையும் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் தகடு உண்டு. மந்தமாகக் கேட்டால், அல்லது தகடு அமுங்கினால், அது வெல்டிங் வேலை. எண்ணெய் அடிப்பதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும். எண்ணெய் ஊறிய பெட்டிக்குள் வெல்டிங் செய்தால் தீப்பிடிக்கும், பெயின்டும் ஒட்டாது.

மேலோட்டத் துருவை வயர் பிரஷால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, துரு மாற்றியை மெல்லியதாகப் பூசுங்கள். அது துருவோடுதான் வினைபுரியும். பளபளக்கும் தகட்டில் பூசினால் பயனில்லை, பின்னால் உரிந்துவரும். டப்பாவில் சொன்ன நேரம் காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர்.

கறுப்பு ரப்பர் அண்டர்கோட்டிங்கை மட்டும் இதன் மேல் அடித்துவிடாதீர்கள். புதிதில் பார்க்க அழகாக இருக்கும். இரண்டு மூன்று குளிர்காலத்தில் விரிசல் விடும், விரிசல் வழியே உப்புநீர் புகுந்து அடியிலேயே தங்கும். தகடு ஓட்டையாகும்வரை மேலே எதுவும் தெரியாது. பழைய கார் விற்பவர்கள் துருவை மறைக்கப் பயன்படுத்துவதும் இதைத்தான்.

படி 4: எண்ணெய் தெளிப்பு

முதலில் பிரேக் டிஸ்க்கையும் பிரேக் பேடையும் பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டுங்கள். சைலன்சர் குழாய், ஆக்சிஜன் சென்சார், இன்ஜின் பெல்ட் ஆகியவற்றில் படக் கூடாது. லானோலின் எண்ணெய் சாதாரண ரப்பரைச் சில நேரம் உப்பவைக்கும் என்பதால் சஸ்பென்ஷன் புஷ்களையும் தவிர்த்துவிடுங்கள், பட்டால் துடைத்துவிடுங்கள்.

1. பெட்டிகள்தான் முதலில். ஸில்லில் ஏற்கெனவே இருக்கும் துளைகள், ரப்பர் மூடிகள் வழியே வளையும் குழாயைக் கடைசிவரை நுழையுங்கள். 60 முதல் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில், தெளித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள். வடிகால் துளையில் எண்ணெய் சொட்டினால் அடிப்பகுதி நனைந்துவிட்டது. ஸில்லின் பின்முனையில் இரண்டாவது முறை செய்யுங்கள். புதிதாகத் துளை போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. சேகரிப்பு மதிப்புள்ள காரில் போடவும் கூடாது.
2. கதவின் அடிப்புறம், டிக்கி மூடி, பானெட் ஆகியவற்றின் மடிப்புகள்.
3. பிரேக் குழாய்களும் பெட்ரோல் குழாய்களும், குறிப்பாக அவற்றைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் பின்புறம்.
4. கடைசியாகத் தரைத்தகடும் சக்கர வளைவுகளும். தகட்டின் நிறம் மங்கலாகத் தெரியும் அளவு படலம் போதும். தடிமனாக அப்பினால் வழிந்து வீணாகும்.

தெளித்து முடித்ததும் வடிகால் துளைகளை மறுபடி கம்பியால் தொட்டுப் பாருங்கள். காரின் அடியில் அட்டை விரித்துவைத்தால் இரண்டு மூன்று நாள் சொட்டும் எண்ணெய் தரையைக் கெடுக்காது. ஆட்டு ரோம வாடை சில வாரம் இருக்கும், போய்விடும்.

பேட்டரியில் இணைக்கும் மின்னணுத் துரு தடுப்புப் பெட்டிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். உலோகத்துக்குச் சிறு மின்னோட்டம் கொடுக்கும் அந்த முறை கப்பலிலும் குழாய்த்தடத்திலும் வேலை செய்வது, உலோகத்தைச் சுற்றி நீரோ ஈரமண்ணோ இடைவிடாமல் இருப்பதால். காரைச் சுற்றி இருப்பது காற்று.

படி 5: நிறுத்திவைத்தல்

சிமென்ட் தரையிலிருந்து ஈரம் மேலேறும். கெட்டி பாலித்தீன் விரித்து அதன் மேல் நிறுத்துங்கள். காருக்கு மேலே மட்டும் பிளாஸ்டிக் போடக் கூடாது, காற்றுப் புகும் துணியுறைதான் வேண்டும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். குளிர்ந்த கராஜில் கம்ப்ரஸர் வகை ஈரநீக்கி உறைந்து நின்றுவிடும், ஈரம் உறிஞ்சும் பொருள் கொண்ட உலர்த்தி வகையை வாங்குங்கள்.

தினமும் ஓட்டும் காரை அதே கராஜில் பக்கத்தில் நிறுத்தினால் இத்தனை வேலையும் பாதி வீண். அதிலிருந்து வடியும் உப்புநீர் காய்ந்து காய்ந்து ஈரத்தை ஏற்றும், தரை வழியே பக்கத்துக் காரின் டயர்வரை ஓடிவரும். வேறு இடம் இல்லையென்றால் விளிம்பு உயர்ந்த தரைவிரிப்பைப் போட்டு, தேங்கும் நீரை அன்றன்றே வழித்தெடுங்கள்.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்துவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சூடேறுமுன் அணைத்தால் எரிப்பில் உண்டான நீர் சைலன்சரிலும் இன்ஜின் ஆயிலிலும் தங்கிவிடும். பேட்டரிக்குச் சார்ஜ் இறங்காமல் காக்கும் மெயின்டெய்னர் போதும்.

தவறி உப்புச் சாலையில் போய்விட்டால்

வெப்பநிலை சுழிக்கு மேல் இருக்கும் முதல் நாளிலேயே கழுவுங்கள். சோப்பை விட நீரின் அளவுதான் முக்கியம். புல்வெளிக்கு நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரைக் காருக்கு அடியில் வைத்து, இடம் மாற்றி மாற்றி அரைமணி நேரம் விடுங்கள். தானியங்கிக் கார் கழுவுமிடங்கள் பலவற்றில் அடிப்பகுதிக்கு வருவது மறுசுழற்சி நீர், அதில் உப்பும் சேர்ந்தே வரும். நாமே கழுவும் இடங்கள் மேல்.

வசந்தத்தில் சாலை காய்ந்துவிட்டது என்று அவசரப்பட்டு வண்டியை எடுக்க வேண்டாம். ஓரத்தில் வெள்ளைப்பொடி இருக்கும்வரை உப்பு உண்டு. இரண்டு மூன்று நல்ல மழை பெய்து கழுவட்டும். சக்கர வளைவுகளில் விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய் ஒட்டாமல் விரல் காய்ந்து வரும் இடங்களில் அடுத்த அக்டோபரில் முதலில் தெளிக்க வேண்டும்.